தங்கைக்குச் சொல்லாத பிரான்ஸ்

நாங்கள் பிரான்சுக்குப் போவது பிரான்சில் இருக்கும் எவருக்கும் தெரியக்கூடாது என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரொறன்ரோவில் இருப்பவர்களிடமும் வாய் திறக்கக்கூடாது. ரொறன்ரோவில் காலையில் சொன்ன கதை பாரிசில் இரவுச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இல்லை.

அவருடைய பயமெல்லாம் ஒரே ஒரு ஆளைப் பற்றியது. அவருடைய தங்கை, எனக்கு மச்சாள், நாங்கள் கனடா வருவதற்கு முன்பிருந்தே பாரிஸ் புறநகரில் இருக்கிறாள். கூடப்பிறந்தவர்கள் என்று இவர்கள் இரண்டு பேரும்தான். போன கோடையில் அவளுடைய ஒரே மகளுக்குக் கலியாணம் நடந்தது. தாய்மாமன் போகவில்லை. மாமன் நிற்கவேண்டிய இடத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டில் என் கணவரின் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்தபடி நாங்கள் அதை வீடியோவில் பார்த்தோம். அந்த மனிதருக்கு வேட்டி ஒழுங்காகக் கட்டவும் தெரியவில்லை.

காரணம் முழங்கால். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை செய்து செய்து அவருடைய வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. அதை மாற்றுகிற சத்திரசிகிச்சைக்குப் பதிந்துவிட்டு நெடுங்காலம் காத்திருந்தோம். கடைசியில் ஆஸ்பத்திரியில் இருந்து தேதி வந்தபோது அது கலியாண மாதத்தில் வந்து விழுந்தது. அதை விட்டால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். அப்போது அவர் குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

"முழங்கால் எங்கை அண்ணை ஓடப்போகுது? கலியாணம் ஒருக்காத்தானே" என்று மச்சாள் தொலைபேசியில் கேட்டாள்.

"இதை விட்டால் பிறகு எப்ப தருவாங்களோ தெரியாது பிள்ளை."

"சரி. முழங்காலோடையே இருங்கோ."

அதோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு அவள் அண்ணனுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. இவர் எடுத்தாலும் பதில் இல்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிற சண்டையில் நடுவில் நிற்பவளுக்குத்தான் தலையிடி. நான் இருவருக்கும் தனித்தனியே சொல்லிப் பார்த்துவிட்டு, எனக்கும் வேறு வேலை இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு நூல் மட்டும் அறாமல் இருந்தது. எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. மச்சாள் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அதில் முருகன் படமோ பிள்ளையார் படமோ போட்டுக் 'காலை வணக்கம்' சொல்லுவாள். சொல்லுவது எல்லோருக்கும்தான். என் கணவர் எழும்பியதும் முதல் வேலையாக அதற்குக் கும்பிடுகிற கை ஒன்றைப் போடுவார். பல்லுத் தீட்டுவது அதற்குப் பிறகுதான். அவள் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் இவர் ஒருநாளும் தவறியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவருக்கு அறுபது வயது வந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பரிசு ஏற்பாடு செய்திருந்தார்கள். பிரான்சின் நாட்டுப்புறத்தில் ஒரு வாரம் வழிகாட்டியோடு நடக்கிற சுற்றுலா. பூர்கோன் என்ற திராட்சைத் தோட்டப் பகுதி. பகலில் நடை, இரவில் பெரிய சாப்பாடு. அப்பா நடக்கவேண்டும் என்று பிசியோதெரபிக்காரர் சொல்லியிருக்கிறார், அம்மாவுக்கு நல்ல சாப்பாடு பிடிக்கும், இரண்டுக்கும் ஒன்றாகப் பார்த்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். அத்தையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

"அத்தை இருக்கிறது பாரிசிலை. இது பாரிஸ் இல்லை அப்பா" என்றாள் மகள்.

"பிள்ளை, பிரான்ஸ் எண்டால் பிரான்ஸ்தான்" என்றார் அவர்.

நடக்க முடியாது என்று கலியாணத்துக்கு வராத மனிதர், அடுத்த வருடமே அவளுடைய நாட்டுக்கு நடைச் சுற்றுலா வருகிறார். உண்மையைச் சொன்ன ஒருவர் பொய்க்காரர் ஆவதற்கு இதைவிட நேரான வழி கிடையாது. அவளிடம் சொல்லிவிட்டே போவோம், திரும்பும்போது இரண்டு நாள் அவளோடு நின்றுவிட்டு வருவோம் என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"கலியாணத்துக்கு வரேலாதவர் ஊர் சுத்த வந்திருக்கிறார் எண்டு வாசல்லை வைச்சே கேப்பாள்."

"கேக்கட்டுமேன்."

"உமக்கு அவளைத் தெரியாது."

எனக்கு அவளைத் தெரியும். தங்கைக்குப் பயந்த இந்த அண்ணனை அதைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் மேலே வற்புறுத்தவில்லை. எனக்கு அந்த வாரம் வேண்டும். மோர்னிங்சைட்டில் ஒரு பல்வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் வாயைப் பற்றிக் கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைக்கிறேன். பாரிசுக்குப் போனால் அங்கேயும் குசினிக்குள் நின்று வெங்காயம் உரிக்கத்தான் வேண்டும். வேறு யாரோ சமைத்து, வேறு யாரோ சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவுகிற ஒரு வாரம் என் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

பயிற்சிக்காகக் குளிர்காலத்தில் மோலுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தோம். பனி உருகியதும் வெளியே இறங்கினோம். ஸ்ரௌவ்வில்லில் எங்கள் பக்கம் எல்லாம் புதிதாக எழும்பிய வீடுகள். பால் வாங்கவும் கார்தான். நாய் இல்லாமல் ஒருவர் தெருவில் நடந்தால் அவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். தமிழ் ஆட்களின் கார்கள் எங்களைக் கண்டதும் நின்றன. "என்ன அண்ணை, கார் பழுதோ? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்." சும்மா நடக்கிறோம் என்றால் நம்ப மாட்டார்கள். கோயிலில் முகம் பழகிய ஒருவர் காரை எங்கள் நடைக்கு ஏற்ப உருட்டிக்கொண்டு வந்து, "அன்ரி, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அதன் பிறகு நாங்கள் காரில் ஏறி ரூஜ் ஆற்றுக் காட்டுப்பாதைக்குப் போய் அங்கே நடந்துவிட்டுக் காரில் திரும்பி வந்தோம்.

பாரிஸ் விமான நிலையத்தில் என் கணவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு தமிழ் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல் ரயில் ஏறினார். படம் எடுக்கலாம், ஆனால் யாருக்கும் அனுப்பக்கூடாது என்று எனக்கு உத்தரவு. நானும் சரி என்றேன்.

வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வேகமாக ஆங்கிலம் பேசினாள், அதைவிட வேகமாக நடந்தாள். எங்களோடு வந்த மற்றவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். எல்லோருடைய சப்பாத்தும் எங்களுடையதைவிட நல்லது. காலையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் கல்மதில் ஓரமாக நடப்போம். மத்தியானம் ஏதாவது மரத்தடியில் பாண், தக்காளி, சீஸ், செர்ரிப் பழம். பின்னேரம் ஒரு வாய்க்கால் கரை, அதற்கப்பால் கல்வீடுகள் நிறைந்த ஒரு சிற்றூர், அங்கே அன்றைய விடுதி. நிலம் அழகானது. ஆனால் அதை ஒரு நாள் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. திராட்சைக்கொடி எங்கேயும் திராட்சைக்கொடிதான்.

சாப்பாடு அப்படி இல்லை. வாசம் வரத் தொடங்கினால் எனக்குக் கால்வலி மறந்துவிடும். பூண்டும் பச்சைக்கீரையும் அரைத்த வெண்ணெயில் நத்தை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாயில் வைத்தேன், பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மிச்சத்தையும் சாப்பிட்டேன். முதல் நாள் சாப்பிட்டு முடிந்ததும் பழக்கத்தில் எழும்பி எல்லோருடைய கோப்பைகளையும் அடுக்கத் தொடங்கிவிட்டேன். பரிமாறிய பெண் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்து இழுக்க, நான் மறுபக்கம் விடாமல் பிடிக்க, கடைசியில் அவளே வென்றாள். இரண்டாம் நாளில் இருந்து நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்தச் சுகத்தை இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வெள்ளிக்கிழமை நாங்கள் மச்சம், மீனோ இறைச்சியோ, சாப்பிடுவதில்லை. "வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டாம்" என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கத்தோலிக்கரான தன் அம்மாவும் அப்படித்தான், இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளி இரவு எங்கள் இருவருக்கும் மட்டும் விசேசமாக, தலையோடும் கண்ணோடும் ஆளுக்கொரு முழு மீன் வந்தது. அவர்கள் ஊரில் வெள்ளிக்கிழமைச் சைவம் என்றால் அதுதானாம். நாங்கள் பாணையும் உருளைக்கிழங்கையும் சாப்பிட்டுவிட்டு மீனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மரத்தடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்தபோது மகள் தொலைபேசி எடுத்தாள். ரொறன்ரோவில் அப்போதுதான் விடிந்திருக்கும். அவள் குரல் சரியில்லை.

"அம்மா, அத்தை கோல் பண்ணினா. அழுதழுது கதைச்சா. அப்பாவுக்கு என்ன எண்டு கேட்டா. நாலைஞ்சு நாளா அவர் நடுச்சாமத்திலை முழிச்சிருக்கிறார், ஏதோ வருத்தம், நீங்கள் எனக்கு ஒளிக்கிறியள் எண்டு."

"நடுச்சாமத்திலையோ? அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

"வாட்ஸப்பிலை கும்பிட்டவராம்."

எனக்கு விளங்கிவிட்டது. வீட்டில் இருக்கும்போது மச்சாளின் காலைப் படம் எங்கள் நித்திரைக்கு நடுவில் வந்து கிடக்கும். இவர் விடிந்தபின் கும்பிடுவார். அப்போது அவளுக்கு மத்தியானம். இங்கே வந்தபின் அவள் படம் போட்ட அடுத்த நிமிடமே, கையில் காலைக் கோப்பியோடு இவர் கும்பிட்டிருக்கிறார். அவளுடைய கணக்கில் அப்போது ரொறன்ரோவில் இரவு ஒரு மணி. ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்கு முழிப்பு. தொப்பி போட்டு முகத்தை மறைத்த மனிதருக்குக் கையை மறைக்கத் தோன்றவில்லை.

"நீ என்ன சொன்னனி?"

"ஹாஸ்பிட்டல்லையோ, உண்மையைச் சொல்லு எண்டு அழுறா அம்மா. நான் என்ன செய்யிறது? வோக்கிங் ட்ரிப் போயிருக்கினம், அவர் ஓகே எண்டு சொன்னன்."

"எங்கை எண்டு கேட்டவவோ?"

"ஓம். சொன்னனான். சொறி அம்மா."

அதைக் கேட்டதும் அத்தையின் அழுகை அப்படியே நின்றுவிட்டதாம். 'ஓ' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாளாம்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். அன்று பின்னேரம் அவருடைய தொலைபேசிக்கு ஒரு வரி வந்தது. ஒரு வருடத்தில் தங்கை அவருக்கென்று எழுதிய முதல் வரி. 'நாளைக்கு எங்கை நிப்பியள்?' அவர் என்னிடம் காட்டினார். பிறகு மறுநாள் மத்தியானம் நாங்கள் நிற்கப்போகும் விடுதியின் விலாசத்தைத் தட்டி அனுப்பினார். எனக்கு அவர்மேல் இரக்கமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"முடிஞ்சுது. இனி அவள் செத்தவீட்டுக்கும் வராள்" என்றார்.

"ஆற்றை செத்தவீட்டுக்கு?"

"என்ரை."

மறுநாள் ஞாயிறு, சுற்றுலாவின் கடைசி நாள். ஒரு குன்றின் உச்சியில் இருக்கிற பழைய சாப்பாட்டு விடுதியில் மத்தியான விருந்தோடு எல்லாம் முடிகிறது. நான் வாரம் முழுக்கக் காத்திருந்தது அந்த விருந்துக்குத்தான். இன்னும் இரண்டு கதிரை வேண்டும், இவருடைய தங்கையும் அவளுடைய கணவரும் வருகிறார்கள் என்று சொன்னதும் வழிகாட்டி கைதட்டினாள். ஜன்னலோரம் எங்களுக்கென்று ஒரு மேசையைத் தனியாகப் போட வைத்தாள்.

பாரிசில் இருந்து காரில் மூன்று மணி நேரம் ஓடி வந்திருந்தார்கள். மச்சாள் வெறுங்கையோடு வந்தாள். எங்கள் ஆட்களில் ஒரு தங்கை அண்ணனைப் பார்க்க வெறுங்கையோடு வந்தால், அவள் வாய் திறந்து வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. "சுகமோ அண்ணி?" என்று என்னைக் கேட்டாள். என் கணவருக்கு எதிர்க் கதிரையில் இருந்தாள். இருந்தாளே தவிர, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய செப்புச் சட்டி தொங்கியது, அதைப் பார்த்தாள்.

முதலில் சீஸ் போட்ட சின்னப் பணியாரம் போன்ற ஒன்று சுடச்சுட வந்தது. அவள் எடுக்கவில்லை. தண்ணீர் வார்த்தார்கள். தொடவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கோபம் உள்ள வீட்டில் எங்கள் ஆட்கள் பச்சைத்தண்ணியும் குடிக்க மாட்டார்கள். வருவார்கள், இருப்பார்கள், கதைப்பார்கள், வாயில் மட்டும் ஒன்றும் படாது. சாப்பிட்டால் சமாதானம் என்று ஆகிவிடும். இது அவளுடைய அண்ணன் தருகிற சாப்பாடு. அவள் அதைத் தொடப்போவதில்லை. தொடவில்லை என்பதை அவருக்கு நேரே இருந்து காட்டுவதற்காகத்தான் மூன்று மணி நேரம் ஓடி வந்திருக்கிறாள்.

நத்தை வந்தது, போனது. பிறகு கோழி வந்தது. கிறீமும் மொறெல் என்கிற காட்டுக் காளானும் போட்டு மெல்லிய நெருப்பில் வேகவைத்த கோழி. மச்சாளின் கணவர் பாரிசில் ஒரு உணவகத்தில் சமையற்காரர். நாங்கள் கனடாவில் வீடு வாங்குவதற்கு முன்பிருந்தே அவர் பிரெஞ்சுச் சாப்பாடு சமைக்கிறார். கோழியைக் கண்டதும் அவருடைய மூக்கு விரிந்தது.

"உதைத்தான் தங்கச்சி நான் கிழமைக்கு ஆறு நாள் செய்யிறன்" என்று என்னிடம் இரகசியமாகச் சொன்னார். "ஒரு நாளும் மேசையிலை இருந்து சாப்பிட்டதில்லை."

"சாப்பிடுங்கோவன் அண்ணை."

அவர் ஒரு துண்டுப் பாணை எடுத்துக் குழம்பில் தொடப்போனார். மச்சாள் செப்புச் சட்டியில் இருந்து கண்ணை எடுத்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். பாண் இருந்த இடத்துக்கே திரும்பிப் போனது.

என் கணவரும் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நான் ஒருத்திதான் சாப்பிட்டேன். எனக்கு யாரோடும் கோபம் இல்லை. அந்த வாரத்திலேயே, சொல்லப்போனால் இந்த வாழ்க்கையிலேயே, நான் சாப்பிட்ட மிகச் சிறந்த கோழி அது. அதை இந்த மூன்று முகங்களுக்கு நடுவில் இருந்து சாப்பிடவேண்டி வந்ததே என்று எனக்கு வயிறு எரிந்தது.

கோப்பைகள் போனபடியே திரும்பி வருவதைக் கண்டு, விடுதிக்காரி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையில் இருந்து வந்துவிட்டாள். வயதான, அகலமான பெண். பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். மச்சாளின் கணவர் பணிவாகப் பதில் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு என் கணவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். உப்புக் கூடிவிட்டதா என்று கேட்டாளாம். சாப்பாட்டில் பிழை ஒன்றும் இல்லை மதாம், பிழையெல்லாம் என் மனைவியின் அண்ணனில்தான் என்று மச்சாளின் கணவர் சொன்னாராம். அடுத்ததாகச் சீஸ் வந்தபோது என் கணவரின் கோப்பையில் மட்டும் துண்டு சின்னதாக இருந்தது.

கருவாடு போல மணக்கிற அந்தச் சீசுக்கு முன்னால் இருந்துதான் மச்சாள் கதைக்கத் தொடங்கினாள். கதைத்தது என்னோடு.

"அண்ணி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடக்கிறவர்?"

"காலமை துவங்கினால் பின்னேரம் வரைக்கும். இடைக்கிடை இருந்து இருந்து" என்றேன். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"அப்ப கால் நல்ல சுகம்." சீசைத் தள்ளி வைத்தாள். "பிள்ளையின்ரை கலியாணத்திலை மண்டப வாசல்லை இருந்து மணவறைக்கு எவ்வளவு தூரம் தெரியுமோ? இந்த மேசையிலை இருந்து அந்தக் கதவு மட்டும். அவ்வளவுதான்."

"அப்ப அதுவும் ஏலாமல் இருந்தது பிள்ளை" என்றார் என் கணவர்.

"எனக்கு ஒண்டும் சொல்லவேண்டாமெண்டு சொல்லுங்கோ அண்ணி."

"முன்னாலைதானே இருக்கிறார். நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

அவள் சொல்லவில்லை. என் பக்கமே திரும்பினாள். "நாலு நாளா எனக்கு நித்திரை இல்லை அண்ணி. நடுச்சாமத்திலை முழிச்சிருக்கிறார், வருத்தம் கூடிப்போச்சு, எனக்கு ஒளிக்கினம் எண்டு நினைச்சன். அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைச்சன். அண்ணைக்கு ஒண்டும் ஆகக்கூடாது எண்டு. அவர் இஞ்சை கோழி தின்னுறார்."

சிவப்பு வைனில் வேகவைத்த பேரிக்காய் வந்தது. அதை நானும் சாப்பிடவில்லை.

அவர்கள் எழும்பினார்கள். "போட்டு வாறம் அண்ணி" என்றாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்பதால் கார்களை மேலே விடவில்லை; குன்றின் அடியில் வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு ஏறி வந்திருந்தார்கள். மச்சாளின் கணவர் வெயிலில் கார் கொதித்துப் போயிருக்கும், முதலில் போய்த் திறந்து வைக்கிறேன் என்று கிளம்பினார். போகும்போது மேசையில் மிஞ்சிய கோழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். "கார் வரைக்கும் வாறன்" என்று என் கணவரும் எழும்பினார். மச்சாள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

நான் விடுதிக்காரியிடம் தெரிந்த இரண்டு பிரெஞ்சுச் சொல்லில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வரக் கொஞ்சம் பிந்திவிட்டது. விடுதி வாசலில் இருந்து கீழே இறங்குவது ஒடுக்கமான பழைய கற்படி. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் இரும்புக் கம்பி. நான் மேலே நின்று பார்த்தேன்.

என் கணவர் இறக்கத்தில் எப்படி நடப்பார் என்று நான் இதுவரை சொல்லவில்லை. எங்களுக்கு அது அவ்வளவு பழகிவிட்டது. முழங்கால் மாற்றியபிறகு சமதரையில் நடப்பார், மேட்டில் ஏறுவார், செங்குத்தான இறக்கத்தில் மட்டும் அந்தக் கால் பாரத்தைத் தாங்காது. அதனால் பிசியோதெரபிக்காரர் பழக்கியபடி திரும்பி நின்று பின்பக்கமாக இறங்குவார். நான் அவருக்கு எதிரே நின்று, அவருடைய தோளுக்கு மேலால் பார்த்து, கல், பள்ளம், திருப்பம் என்று சொல்லிக்கொண்டே வருவேன். அந்த வாரம் முழுக்க எல்லா இறக்கத்திலும் மற்றவர்கள் கீழே நின்று எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

இப்போது நான் இருக்கவேண்டிய இடத்தில் மச்சாள் நின்றாள். அவர் அவளுக்கு முன்னால் போய், திரும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி பின்னால் இறங்கியிருந்தார். ஒடுங்கிய படி, அவரைத் தாண்டிப் போக இடமில்லை. இரண்டு பேரும் நேருக்கு நேர். பார்க்காமல் இருக்க அங்கே செப்புச் சட்டி எதுவும் இல்லை.

"என்ன உது?" என்று கேட்டாள்.

"இறக்கத்திலை இப்பிடித்தான் வரும். நேரை இறங்கினால் கால் பிடிக்காது."

"எப்ப தொடக்கம்?"

"ஒப்பரேசன் தொடக்கம்."

அவர் அடுத்த படிக்குக் காலைப் பின்னால் விட்டுத் தடவினார். படி கிடைத்தது, பாதத்தை ஊன்றினார், மற்றக் காலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நெற்றி வியர்த்திருந்தது. அறுபது வயது மனிதர், குழந்தை கட்டிலில் இருந்து இறங்குவது போல இறங்கினார். அதற்கும் அடுத்த படிக்குக் காலை விட்டபோது மச்சாளின் கை தானாக நீண்டது.

"அண்ணை, பொறுங்கோ! வலப்பக்கம் கல்லுக் கழண்டு கிடக்குது."

அவர் காலை அந்தரத்தில் நிறுத்தினார்.

"கொஞ்சம் இடப்பக்கம். ம். இன்னும் கொஞ்சம். இப்ப வையுங்கோ."

வைத்தார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு படிக்கும் சொன்னாள், நான் சொல்வதைவிடச் சத்தமாக, அதட்டி அதட்டி. இடையில் அவர் என்னவோ சொல்ல, "கதைக்காமல் காலைப் பாருங்கோ" என்று பேச்சு விழுந்தது. நான் அவர்களுக்கு இடம் விட்டு மெல்லப் பின்னால் இறங்கினேன்.

கடைசிப் படியில் அவர் திரும்பி நேராக நின்றார். அவள் கையை விடவில்லை. முகத்தைத் துடைக்கக்கூட முயலாமல் அழுதுகொண்டு நின்றாள். என் கணவருக்கும் கண் நிறைந்திருந்தது. அவளுடைய கணவர் காரின் கதவுகளைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்று, எங்களைப் பார்க்காதவர் போல வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பசிக்குதண்ணை" என்றாள் மச்சாள்.

என் கணவர் வாய் திறக்குமுன் காரின் நான்கு கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துச் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. மச்சாளின் கணவர் காரைப் பூட்டிவிட்டு, எங்கள் எவருக்காகவும் நிற்காமல், இரண்டிரண்டு படியாக மேலே ஏறத் தொடங்கியிருந்தார்.